ஒரு மணி நேர ஆலோசனைக்கு வந்த அழைப்பு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. நீ அனுப்பிவைத்த அந்த அழைப்பை நிதானமாகப் படித்தேன். உன் பெயருக்கு முன்னால் 'நிபுணர்' என்று போட்டிருக்கிறார்கள். நீ வேலை செய்யும் பிரிவின் பெயர்கூடச் சரியாக இருக்கிறது. ஒரு மணி நேரம் தொலைபேசியில் பேசினால் உன் ஒரு மாதச் சம்பளம். பேச வேண்டியது என்ன? உங்கள் உற்பத்தி வரிசையில் நூறு மின்சுற்றுப் பலகை ஓடினால் எத்தனை கழிகிறது, எந்தக் கட்டத்தில் கழிகிறது, அதை எப்படிச் சரி செய்கிறீர்கள் என்பதுதான். படிப்பு முடித்த ஈரம் காயாத பெண்ணுக்கு இத்தனை மரியாதை எதற்கு என்று உனக்கே உறுத்தியிருக்கிறது. அதனால்தான் என்னைக் கேட்டாய். பேசாதே. பதிலும் போடாதே. இந்த விஷயத்தில் சித்தப்பாவின் முடிவு இவ்வளவுதான்.

ஆனால் உன் அறைத்தோழி சொன்னதாக நீ எழுதியிருந்தாயே, அதை அப்படித் தள்ளிவிட முடியவில்லை. "எல்லா நாடும் திருடித்தான் பெரிய நாடாச்சு. நம்ம துணியையே திருடினவங்கதானே அவங்க. இப்ப நமக்கு மட்டும் என்ன ஒழுக்கம்?" என்று கேட்டாளாமே. கெட்டிக்காரப் பெண். அவள் சொன்னதில் பாதி உண்மை. தறிக்காரன் வீட்டில் பிறந்த எனக்கு அந்தப் பாதியைச் சொல்லாமல் மேலே போகத் தோன்றவில்லை.

1734ஆம் வருடம், புதுச்சேரி. பொல்யூ என்று ஒரு பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி. பாரிஸில் து ஃபே என்ற வேதியியலாளர் இருந்தார். அறிவியல் கழக உறுப்பினர், அரசரின் தாவரத் தோட்டத்துக்குத் தலைவர், சாயத் தொழிலைச் சீர்படுத்த அரசாங்கமே அமர்த்திய ஆள். நம் சோழமண்டலக் கரையில் பருத்தித் துணியில் எழுதும் சாயம் எத்தனை துவைத்தாலும் போவதில்லையே, அது எப்படி என்று அறிந்துவரச் சொல்லி பொல்யூவைக் கேட்டுக்கொண்டவர் அவர்தான். பொல்யூ புத்திசாலி. யாரையும் மிரட்டவில்லை, எதையும் உடைக்கவில்லை. ஒரு கைகாரரைத் தன் முன்னால் உட்காரவைத்து ஒரு துணியை முதலிலிருந்து கடைசிவரை செய்து காட்டச் சொன்னார். வெளுத்த துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைப்பது, கறுப்புக் கோட்டுக்கு இரும்புக் காடி, சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரம், பிறகு சாயவேரில் கொதிக்கவைப்பது, நீலம் ஏறக்கூடாத இடத்தில் மெழுகு. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அந்தத் துணியிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கொண்டார். எழுதிய குறிப்பும் ஒட்டிய துண்டுகளும் பாரிஸ் போய்ச் சேர்ந்தன. அங்கே அருங்காட்சியக நூலகத்தில் அந்தக் கையெழுத்துப்படி பத்திரமாக இருக்கிறது. 'தொழில் உளவு' என்று இன்றைக்கு நீங்கள் பயிற்சி வகுப்பில் படிக்கிறீர்களே, அதற்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. அந்தச் சமயத்தில் பிரான்ஸில் நம் அச்சுத்துணியை உடுத்துவதும் அங்கேயே அச்சிடுவதும் சட்டப்படி குற்றம். 1686 முதல் 1759 வரை அந்தத் தடை நீடித்தது. ஒரு கையால் துணியைத் தடுத்துக்கொண்டே மறு கையால் செய்முறையைச் சேகரித்திருக்கிறார்கள். எட்டு வருடம் கழித்து, 1742இல், கேர்தூ என்ற ஏசுசபைப் பாதிரியார் இதே வித்தையை எழுதி அனுப்பினார். கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களில் இத்தொழில் தெரிந்தவர்களைக் கேட்டுக் கேட்டு அறிந்துகொண்டதாக அவரே சொல்கிறார். அந்தக் கடிதம் அச்சாகி ஐரோப்பா முழுக்கப் படிக்கப்பட்டது. தடை நீங்கிய மறு வருடமே ஓபர்காம்ஃப் என்பவர் பாரிஸுக்குப் பக்கத்தில் ஜூயி என்ற ஊரில் அச்சுத்துணித் தொழிற்சாலை திறந்தார்.

இதனால் மட்டுமே நம் சாயக்காரர்கள் அழிந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. இங்கிலாந்து 1700லும் 1721லும் போட்ட தடைச் சட்டங்கள், பிறகு வந்த இயந்திரம், அதற்கும் பிறகு இங்கேயே வந்து உட்கார்ந்த ஆட்சி எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. என்னை உறுத்துவது வேறு. பொல்யூவின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது, து ஃபேயின் பெயர் இருக்கிறது. உட்கார்ந்து செய்து காட்டியவர் பெயர் எதிலும் இல்லை. அந்த வித்தையால் பிற்பாடு பிரான்ஸில் சம்பாதித்த பணத்தில் ஒரு காசு அவர் தெருவுக்கு வரவில்லை.

அடுத்த நூற்றாண்டில் ஒளிவுமறைவுகூடத் தேவைப்படவில்லை. 1866இல் லண்டன் இந்தியா அலுவலகத்தில் வேலை பார்த்த ஃபோர்ப்ஸ் வாட்சன் இந்தியத் துணிகளிலிருந்து 700 மாதிரிகள் வெட்டி, 18 தொகுதிகளாகக் கட்டினார். மொத்தம் 20 படிகள். 13 படிகள் பிரிட்டனில் மான்செஸ்டர் மாதிரியான நெசவு ஊர்களுக்குப் போயின; 7 இந்தியாவுக்கு வந்தன. இந்தியாவில் யார் எதை உடுத்துகிறார்கள், என்ன நீளம், என்ன கரை, எங்கே ஜரிகை என்று பார்த்து அங்கே நெய்து இங்கே விற்கலாம் அல்லவா? எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. மாதிரியை எடுத்தவரும் சட்டம் போட்டவரும் ஒரே அரசாங்கம்.

உன் தோழிக்குச் சாதகமான கணக்கு இது. இனி மறுபக்கம். மலையேறிப் போகும்போது ஊட்டிப் பக்கம் சிங்கோனா மரங்களைப் பார்த்திருப்பாய். அந்த மரம் நம் மரம் இல்லை. 1860இல் இந்தியா அலுவலகத்தின் பணத்தில் கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெரு நாட்டுக்குப் போய், அங்கே உள்ளூர் அதிகாரிகள் தடுக்க முயன்றபோதும் கன்றுகளைக் கடத்திக்கொண்டு வந்தார். நீலகிரியில் அரசுத் தோட்டம் போட்டார்கள். நடுவட்டத்தில் கொயினா தயாரானது. நம் ஊரில் மலேரியா காய்ச்சலில் கிடந்தவர்கள் அதில் பிழைத்தார்கள். பெருவில் அந்தப் பட்டையை அறிந்து வைத்திருந்த மலைக்குடிகளுக்கு என்ன கிடைத்தது? புதுச்சேரிக் கைகாரருக்குக் கிடைத்ததுதான். ராபர்ட் ஃபார்ச்சூன் 1848இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சீன உடை உடுத்தி உள்நாட்டுக்குள் புகுந்து தேயிலைக் கன்றுகளையும் கைதேர்ந்த ஆட்களையும் இமயமலைக்குக் கொண்டுவந்த கதையும் இதே ரகம். ஆக, திருட்டுக் கொடுத்தவர் பட்டியலில் மட்டுமல்ல, திருட்டுப் பொருளை அனுபவித்தவர் பட்டியலிலும் நம் மண் இருக்கிறது. தாத்தா காலத்து அநியாயத்தைக் காட்டி இன்றைக்கு யாரோ ஒருவர் உன் வாயைத் திறக்கவைத்தால், அந்தப் பணம் சாயக்காரர் பேரனுக்குப் போகாது. அதையும் அவளிடம் சொல்.

திருட்டுக் கொடுத்த நாடுகள் சும்மா இருந்தனவா என்றால், இல்லை. பொதுவாக எல்லாருக்கும் முதலில் தோன்றுவது கதவைச் சாத்துவதுதான். நம் தொழிலோடு ஒட்டியது என்பதால் பட்டு நூல் கதையையே எடுத்துக்கொள். பட்டு இழை முறுக்கும் இயந்திரம் இத்தாலியில் பீட்மாண்ட் அரசின் காவலில் இருந்தது. ஜான் லோம்ப் என்ற ஆங்கிலேயர் அங்கே போய் வரைபடம் எழுதிக்கொண்டு வந்தார். அவருடைய அண்ணன் 1718இல் இங்கிலாந்தில் காப்புரிமையே வாங்கிவிட்டார். காப்புரிமைக் காலம் முடிந்தபோது பாராளுமன்றம் 14,000 பவுண்டு வெகுமதி கொடுத்தது. களவுக்கு அரசாங்கச் சன்மானம். அதே இங்கிலாந்து 1719இல் தன் கைவினைஞர்கள் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போவதைத் தடுத்துச் சட்டம் போட்டது, 1774இல் நெசவுக் கருவிகளை ஏற்றுமதி செய்யவும் தடை போட்டது. பயன்? 1789இல் சாமுவேல் ஸ்லேட்டர் குடியானவன் மாதிரி உடுத்திக்கொண்டு கப்பலேறினார். கையில் ஒரு வரைபடம் இல்லை. நூற்பாலை முழுதும் நினைவில் இருந்தது. அடுத்த வருடம் அமெரிக்காவில் ஆலை ஓடியது.

இன்றைக்கும் இதே கதைதான், ஊர்தான் நமக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. 2025இல் இந்தியாவின் ஐபோன் ஆலைகளிலிருந்து நூற்றுக்கணக்கான சீனப் பொறியாளர்கள் திரும்ப அழைத்துக்கொள்ளப்பட்டதாகச் செய்தி வந்ததே, நினைவிருக்கிறதா? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை செய்கிற உங்களுக்கு அது டீக்கடைப் பேச்சாகவே இருந்திருக்கும். வித்தை தெரிந்த ஆள் வெளியே இருந்தால் வித்தையும் வெளியே போகும் என்ற 1719ஆம் வருடத்துப் பயம் இன்னும் போகவில்லை. அதனால் சில மாதம் தாமதமாகலாம். நிற்காது.

உன்னிடம் ஒரு மணி நேரம் கேட்பவர்களின் வழிமுறையும் புதிதல்ல. ஷு யான்ஜுன் என்ற பெயரைத் தேடிப் படி. சீன அரசுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஜியாங்சு மாகாண அதிகாரி. விமான எஞ்ஜினின் விசிறி இதழை எடை குறைந்த கூட்டுப்பொருளில் செய்யும் வித்தை ஜி.இ. ஏவியேஷனிடம் இருந்தது. அங்கே வேலை செய்த ஒரு பொறியாளரை 2017இல் நான்ஜிங் பல்கலைக்கழகம் ஒன்றில் உரையாற்ற அழைத்தார்கள். பயணச் செலவு, சன்மானம், நல்ல உபசரிப்பு. பிறகு மெதுவாக, கணினியில் உள்ள கோப்புகளின் பட்டியலை மட்டும் அனுப்ப முடியுமா என்று கேட்டார்கள். கோப்பு அல்ல, பட்டியல் மட்டும்! எவ்வளவு அடக்கமான வேண்டுகோள் பார். அதற்குள் எப்.பி.ஐ. மோப்பம் பிடித்து, அந்த அதிகாரியையே பெல்ஜியத்துக்கு வரவழைத்து 2018இல் கைது செய்ய வைத்தது. 2022 நவம்பரில் அமெரிக்க நீதிமன்றம் 20 வருடச் சிறை விதித்தது. உனக்கு வந்த அழைப்புக்குப் பின்னால் ஒரு அரசாங்கம் இருக்கிறதா, போட்டி நிறுவனம் இருக்கிறதா, வெறும் சந்தை ஆய்வுத் தரகர் இருக்கிறாரா என்பது முக்கியமில்லை. தரகரிடம் சொன்னது எங்கே போய்ச் சேரும் என்பது தரகருக்கே தெரியாது.

ஆளே வராமல் நடக்கும் களவும் உண்டு. 2019 செப்டம்பர் 4ஆம் தேதி கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்திருப்பது அரசுக்குத் தெரிந்துவிட்டது. டிட்ராக் என்று அதற்குப் பெயர். வட கொரிய அரசோடு சேர்த்துச் சொல்லப்படும் லாசரஸ் குழுவின் கைவரிசை என்பது பாதுகாப்பு ஆய்வாளர்களின் கணிப்பு. நிர்வாக வேலைக்காக இணையத்தோடு சேர்ந்திருந்த கணினியில்தான் அது இருந்தது; உலையை இயக்கும் வலையமைப்பு தனி, அங்கே எட்டவில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் அக்டோபர் கடைசியில் விஷயம் வெளியே கசிந்ததும் நிலையத்தின் தரப்பில் முதலில் வந்தது மறுப்பு. மறுநாளே அணுமின் கழகம் உண்மை என்று ஒப்புக்கொண்டது. அந்த ஒரு நாள் மறுப்புதான் எனக்குக் கோபம் தருகிறது. திருடன் வந்தான், வாசலோடு போனான் என்று செப்டம்பரிலேயே நாமே சொல்லியிருந்தால், அதே திருடன் அடுத்துத் தட்டப்போகும் வீடுகள் உஷாராகியிருக்கும். களவு போனதை மறைப்பதால் திருடனுக்குத்தான் லாபம்.

இனி நான் இந்தக் கடிதம் எழுத உண்மையான காரணத்துக்கு வருகிறேன். உளவாளியைவிட எனக்கு அதிகப் பயம், உளவாளியைத் தேடுகிறவர்களைப் பற்றியது.

நம்பி நாராயணன் நாகர்கோவில்காரர், இஸ்ரோ விஞ்ஞானி. பிரான்ஸில் வெர்னான் நகரில் வருடக்கணக்காக நம் ஆட்களோடு இருந்து வேலை செய்து, விகாஸ் ராக்கெட் எஞ்ஜினை இங்கே கொண்டுவந்தவர். அது களவு அல்ல. ஒப்பந்தம் போட்டு, நம் பொறியாளர்களின் உழைப்பைக் கொடுத்து, பதிலுக்குக் கற்ற வித்தை. 1994 நவம்பர் 30ஆம் தேதி கேரள காவல் துறை அவரைக் கைது செய்தது. ராக்கெட் இரகசியங்களை மாலத்தீவுப் பெண்கள் மூலம் விற்றார் என்று குற்றச்சாட்டு. விற்றதாகச் சொன்னது கிரையோஜெனிக் எஞ்ஜின் வித்தை. அது அன்றைக்கு நம்மிடமே முழுதாக இல்லை! ரஷ்யாவிடம் வாங்கப் போட்ட ஒப்பந்தம் அமெரிக்க நெருக்கடியால் 1993இல்தான் முறிந்திருந்தது. இந்தச் சின்னக் கேள்வியைக் கேட்க விசாரித்தவர்களில் ஒருவருக்கும் பொறியியல் தெரியவில்லை, அல்லது தெரிந்துகொள்ள விருப்பமில்லை. ஐம்பது நாள் காவல். செய்தித்தாள்கள் விடாமல் எழுதின. 1996இல் சி.பி.ஐ. அத்தனையும் பொய் என்று அறிக்கை கொடுத்தது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2019இல் பத்மபூஷண். நம் நாட்டுக் கிரையோஜெனிக் எஞ்ஜின் வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரி 5ஆம் தேதி. அந்தத் தாமதம் முழுவதற்கும் வழக்கே காரணம் என்று சொல்வது அதிகப்படி. ஆனால் எந்த எதிரி நாடு எவ்வளவு செலவு செய்திருந்தாலும் நம் கிரையோஜெனிக் குழுவை அப்படிக் கலைத்திருக்க முடியாது. நாமே கைக்காசு போட்டுச் செய்தோம்.

பெரிய நாடுகளும் இதில் விலக்கில்லை. அமெரிக்காவில் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் சியென் சுவேசென். கம்யூனிஸ்ட் என்று சந்தேகித்து 1950இல் அவருடைய பாதுகாப்பு அனுமதியைப் பறித்தார்கள். ஐந்து வருடம் கண்காணிப்பில் வைத்து, 1955இல் சீனாவுக்கு அனுப்பினார்கள். அவர் அங்கே போய்ச் சீன ஏவுகணைத் திட்டத்தையே கட்டி எழுப்பினார். அறுபது வருடம் கழித்தும் பாடம் படிக்கவில்லை. 2018இல் சீன உளவைப் பிடிக்கிறோம் என்று அமெரிக்க நீதித் துறை தனித் திட்டம் தொடங்கி, சீனப் பெயர் உள்ள பேராசிரியர்கள் பலர் மீது வழக்குப் போட்டு, பல வழக்குகள் நிற்காமல் போய், 2022இல் அந்தத் திட்டத்தையே மூடியது.

அப்படியானால் ஒரு நாடு என்னதான் செய்வது என்று கேட்பாய். காப்பாற்ற வேண்டியதைச் சிறிதாக வைத்துக்கொண்டு அதை மட்டும் இறுக்கிப் பூட்ட வேண்டும். எல்லாவற்றிலும் 'இரகசியம்' முத்திரை குத்தினால் எதுவும் இரகசியமாக இராது. களவு நடந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும். களவுப் பொருளால் செய்த சரக்கைச் சந்தைக்குள் விடக்கூடாது. பறிகொடுத்த நாடுகள் சேர்ந்து இதைச் செய்தால் திருடிய அரசுக்கு வலிக்கும், கடைநிலை ஊழியர் ஒருவரைச் சிறையில் போடுவதால் வலிக்காது. 2015இல் அமெரிக்காவும் சீனாவும் வணிக லாபத்துக்காக இணையக் களவு செய்யமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துக்கொண்டன. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் பிரேசிலின் எண்ணெய் நிறுவனம் பெட்ரோபிராஸை அமெரிக்கா ஒட்டுக்கேட்டது வெளியாகியிருந்தது. வாக்கு முழுதாக நிற்கவில்லை என்றாலும், அப்படியொரு பேச்சு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்.

நம் நாட்டில் வணிக இரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2024 மார்ச்சில் சட்ட ஆணையம் தன் 289ஆவது அறிக்கையில் அப்படியொரு சட்டம் வேண்டும் என்று வரைவும் கொடுத்தது. அதில் எனக்குப் பிடித்த இடம், முறைகேட்டை வெளியே சொல்பவருக்கும் பொதுநலனுக்கும் விலக்கு வைத்திருப்பது. தொழிற்சாலைக் கழிவு ஏரியில் விழுவதைச் சொன்ன ஊழியரை 'இரகசியத்தை விற்றார்' என்று உள்ளே தள்ள முடியக்கூடாது. அரசாங்கங்கள் செய்யும் பொருளாதார உளவை இதில் கலக்காமல் தனிச் சட்டமாக வைக்கச் சொன்னதும் சரியே. இரண்டும் ஒரே சட்டத்துக்குள் இருந்தால், சம்பளத் தகராறு ஒன்றுகூடத் தேசத்துரோக வழக்காக மாறிவிடும்.

உனக்கு இதில் நேரடியாகப் பொருந்துவது ஒன்று. 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி, வேலையை விட்டபின் இந்தத் தொழிலே செய்யக்கூடாது என்று யாரும் உன்னைக் கட்டிப்போட முடியாது. உன் கை பழகிய பழக்கம் உன்னுடையது. நாளைக்கு வேறெங்கே போனாலும் அது கூடவே வரும். நிறுவனத்தின் கோப்பு, அளவு, கழிவுக் கணக்கு, வாடிக்கையாளர் பெயர் உன்னுடையது அல்ல. பாவு கட்டத் தெரிந்த ஆள் இந்த முதலாளியை விட்டு அந்த முதலாளியிடம் போகலாம், ஆனால் இவர் வீட்டு டிசைன் அட்டையை எடுத்துப் போகக்கூடாது என்று நம் தெருவில் உள்ள வழக்கம்தான் இது.

நம் தெருவைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்கிறேன். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 1985இல் கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கிச் சட்டமும் வந்தது. ஆனாலும் விசைத்தறியில் நெய்த சேலை காந்தி ரோட்டிலேயே காஞ்சிப் பட்டு என்ற பெயரில் விற்கிறது. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் கோர்வை போட்டு நெய்ய நாடா ஓட்டும் இன்னொரு கை வேண்டும். அந்தக் கைக்குக் கூலி கட்டுபடியாகாமல், பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் பஸ் ஏறிவிட்டார்கள். நீயே அப்படிப் போனவள்தானே. கோர்வையை எந்த வெளிநாட்டு உளவாளியும் திருடவில்லை. கூலியைக் குறைத்துக் குறைத்து நாமே அதைத் தொலைத்துக்கொண்டிருக்கிறோம். தெரிந்தவர்களுக்குச் சோறு போடாத நாடு, தெரிந்தவர்களைச் சந்தேகித்து நோகடிக்கும் நாடு, எத்தனை பூட்டு வாங்கினாலும் அதற்குள் வைக்க ஒன்றும் மிஞ்சாது.

உங்கள் ஆலை வாசலில் கைப்பேசிக் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பற்றி அலுத்துக்கொண்டாய். ஒட்டட்டும். வேற்று நாட்டிலிருந்து வந்து உன் பக்கத்தில் வேலை செய்கிற பொறியாளரை அதற்காக முறைத்துப் பார்க்காதே. அவரிடம் கற்றுக்கொள், கேட்டால் நீயும் சொல்லிக்கொடு. வேலையிடத்தில் இருவருமே அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறீர்கள்.

அந்த மின்னஞ்சலை அழித்துவிடாதே. நாளைக் காலை உன் மேலாளருக்கும் பாதுகாப்புப் பிரிவுக்கும் எழுத்தில் அனுப்பு. வாய்மொழியாகச் சொல்லி நிறுத்தாதே. 'கிடைத்தது' என்று அவர்களிடமிருந்து ஒரு பதில் வாங்கி, அதன் படியை வீட்டில் வைத்துக்கொள். கைதான நாளிலிருந்து இழப்பீட்டுத் தீர்ப்பு கிடைக்க நம்பி நாராயணனுக்கு இருபத்து நான்கு வருடம் ஆயிற்று. உனக்கு ஒரு காகிதம் கையில் இருக்கட்டும்.

அன்புடன்,
சித்தப்பா